அக்காவுக்குக் கொடுத்த சின்ன பாட்டில்

மார்ச் 12, வியாழன்

இன்றைய தவறு: குடலுக்குள் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப் குழாயைக் கழுவும் முறையை வரிசையாக எழுதச் சொன்னபோது, ஓட்டை இருக்கிறதா என்று காற்றடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு நேராகப் பிரஷ் போடப் போய்விட்டேன். ஒரு மதிப்பெண் போயிற்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மேடம், நாட்குறிப்பைத் தவறோடு தொடங்கி மறுநாள் வேலையோடு முடிக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நடுவில் என்ன எழுதுவது என்று சொல்லவில்லை. அதனால் இன்று வகுப்பில் நீங்கள் கேட்டதற்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

"என்னப்பா, ஒரு வாரமா வாயெல்லாம் பல்லா இருக்கு, வீட்ல பொண்ணு பாத்துட்டாங்களா?" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெண் பார்க்கவில்லை மேடம். அக்கா ஊரை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். அதற்கே எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இன்று வகுப்புக்கு வரும்போது மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, வாட்ச்மேனுக்குச் சல்யூட் வேறு அடித்தேன்.

அக்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். ஏணியில் ஏறி அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துவிட்டால் கீழே நிற்கிற மேஸ்திரியெல்லாம் அவளுக்கு எறும்பு. அப்பா அம்மா இல்லாத வீட்டில் என்னைப் படிக்கவைத்து, சோறு போட்டு, இந்த வயதிலும் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஜனவரியில் ரொம்ப தூரத்தில் இருக்கிற ஒரு துறைமுகம் அவளைக் கூப்பிட்டது. இதைவிடப் பெரிய கிரேன்.

"இனிமே சட்டையை நீயே தேச்சுக்கோடா. கல்யாணம் ஆனா அவளுதையும் சேத்துத் தேய்க்கணும், இப்பவே பழகு," என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன்.

அவளுக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யும். பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் இப்படியே பல வருஷம் ஓடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தம் குறைவாக இருந்ததால், புது வேலைக்குப் போகும் முன் குடலுக்குள் ஒரு முறை பார்த்துவிடலாம் என்றார்கள். நான் பகலில் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி எண்டோஸ்கோபி அறையில் நாள் கொடுத்தார்கள். குடலைச் சுத்தம் செய்யும் மருந்தை எடுத்துக் கொடுத்து, குடிக்கும் விதத்தைச் சொல்வது அங்கே என் வேலை.

அக்காவுக்கு டாக்டர் எழுதியது பொடியைக் கரைத்துக் குடிக்கிற பெரிய ஜாடி. முதல் டம்ளரிலேயே முகம் கோணிப்போயிற்று.

"டேய், இதுக்குக் கப்பல் கழுவின தண்ணி தேவலாம். நீ பாதி குடி. கூடப்பிறந்தவன்தானே."

எனக்கு மனசு கேட்கவில்லை. குடலைச் சுத்தம் செய்கிற இன்னொரு மருந்து, சின்ன பாட்டில், வேலை செய்யும் இடத்து அலமாரியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தேன். அதைக் கொடுத்தேன். எலுமிச்சை வாசனை, நாலு மடக்கில் முடிந்துவிடும்.

"இதை முன்னாடியே குடுத்திருக்கலாம்ல, எருமை," என்று தலையில் செல்லமாகத் தட்டினாள். அப்புறம் தாகம் என்றாள். அளவாகக் குடி, சிறுநீரகத்துக்குப் பாரம் என்றேன். "சரிங்க டாக்டர்," என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். என்னைப் போய் டாக்டர் என்றாள்.

பரிசோதனை நன்றாக முடிந்தது. குடலில் ஒன்றும் இல்லை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சீக்கிரம் நிற்காது என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருந்தீர்கள். நல்லவேளை, சதை எதையும் கிள்ளி எடுக்க வேண்டியிருக்கவில்லை. மயக்க மருந்து அவர்கள் உடம்பில் நெடுநேரம் தங்கும் என்றும் சொல்லியிருந்தீர்கள். அதனால் அவள் நன்றாகத் தெளியும்வரை நகராமல் பக்கத்திலேயே இருந்தேன்.

மூன்றாவதை நீங்கள் பலகையில் சிவப்பு மையில் எழுதினீர்கள். சின்ன பாட்டிலில் இருக்கிற உப்பு இவர்களுடைய சிறுநீரகத்தில் படிந்துவிடும், தண்ணீரும் குறைந்தால் இன்னும் மோசம், போனது திரும்பாது.

அந்தப் பாடம் எப்போது நடந்தது என்று இப்போது யோசிப்பீர்கள். அக்காவின் பரிசோதனைக்கு முந்தின வாரம். கேள்வி உண்டா என்றீர்கள். கெட்டுப்போனது உடனே தெரியுமா, நாளாகுமா என்று நான்தான் எழுந்து கேட்டேன். "வாரக்கணக்குல ஆகலாம். அதனாலதான் பாட்டில் மேல யாருக்கும் சந்தேகம் வராது. நல்ல கேள்வி," என்றீர்கள். வகுப்பில் நீங்கள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அன்று மிதந்துகொண்டேதான் வீட்டுக்குப் போனேன்.

போன வாரம் அக்காவுக்குக் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கியது. அந்தப் பெரிய கிரேனை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இனி ஏணி ஏற முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் நானும் அவளும் சேர்ந்து பஸ்ஸில் போகிறோம். ஜன்னலோரம் அவளுக்கு. திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். இரண்டு பேர் சட்டையையும் நான்தான் தேய்க்கிறேன்.

"நான் கழுத்துல குழாயோட கிடக்கிறேன், உனக்கு விசில் கேக்குதாடா?" என்றாள் நேற்று, நான் விசிலடித்துக்கொண்டே தேய்ப்பதைப் பார்த்து.

"நீ பக்கத்துல இருக்கேல்ல," என்றேன்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சந்தோஷம் தாங்காமல்தான் இருக்கும். எனக்கு ஆட்களைச் சரியாகக் கணிக்க வராது, அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இதை ஏன் தவறு என்ற தலைப்பில் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். யோசித்துப் பார்த்தேன் மேடம். காற்றடித்துப் பார்க்க மறந்தது தவறு. இதில் நான் எதையும் மறக்கவில்லை.

மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். என்னுடையதை எடுத்துக்கொள் என்றேன். "உன்னோடதை வாங்கி வச்சுக்கிட்டு, அப்புறம் உன்னை விட்டுட்டு நான் எங்கடா போவேன்?" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதைத்தானே நானும் சொல்கிறேன்.

நாளைய வேலை: காலையில் வெறும் வயிற்றோடு போய், அக்காவுக்குப் பொருந்துமா என்று பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டும். யாரும் வற்புறுத்தவில்லையே, இது உங்கள் சொந்த விருப்பம்தானே என்று கேட்பார்களாம். ஆமாம், ஆரம்பத்திலிருந்தே என் விருப்பம்தான் என்று சொல்ல வேண்டும்.