நேத்து சொன்னது செல்லாது

அந்தப் பக்கம் பிடிக்காதீங்க சிஸ்டர், கட்டில்ல அந்தக் கம்பி கொஞ்சம் லூசு. கட்டிலை ஏத்திக்க வண்டிக்காரர் வர இன்னும் அரை மணி நேரம் ஆகுமாம், உட்காருங்க. அட, கட்டில் மேலயே உட்காருங்க. எங்க அத்தை போய் ரெண்டு மாசமாச்சு, ஒண்ணும் பண்ணாது.

உங்க மாமியாருக்கு வாதத்துல எந்தப் பக்கம் விழுந்திருக்கு? இடது பக்கமா. பேச்சு இருக்கா? இருக்குல்ல, அப்போ நீங்க கொடுத்து வெச்சவங்க. ஐயோ, அழாதீங்க, நான் குத்திக் காட்டலை. எனக்கும் முதல் வருஷம் இப்படித்தான். பள்ளிக்கூட ஆபீஸ்ல நல்ல வேலை, அத்தையைப் பார்த்துக்க விட்டுட்டு வந்தேன். என் பக்கத்து சீட்டுக்காரி இப்போ அங்க ஹெட் கிளார்க். ஒவ்வொரு தடவை பெட்பேன் கழுவும்போதும் அவ மூஞ்சிதான் கண்ணுக்கு முன்னாடி வரும். சபையில எல்லாரும், சிஸ்டருக்கு எவ்வளவு பொறுமைம்பாங்க. உள்ளுக்குள்ள நான் கொதிச்சது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

அத்தைக்கும் தெரியும். லேசுப்பட்ட ஆளா அவங்க! காலையில முகம் துடைச்சு விடறதுக்கு முன்னாடி ஆண்டவருக்கு நன்றியா ஆளுக்கொரு ஸ்தோத்திரம் சொல்லணும்னு சட்டம் போட்டாங்க. நேத்து சொன்னது இன்னிக்குச் செல்லாது. நானும் சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம், தண்ணிக்கு ஸ்தோத்திரம்னு கடனேன்னு சொல்லிப் பார்த்தேன். ஒரே மாசத்துல சரக்கு தீர்ந்து போச்சு. அப்புறம் தேட வேண்டியதாப் போச்சு. மழைக்கு முன்னாடி போர்வை காய்ஞ்சுது, அதுக்கு ஒண்ணு. அத்தை முதுகுல புண் ஆறுச்சு, அதுக்கு ஒண்ணு. கீழ் வீட்டுப் பாப்பா சிரிச்சதுக்குக்கூட ஒரு நாள் சொல்லியிருக்கேன்.

ரெண்டாவது தடவை வாதம் வந்தப்போ அத்தைக்குப் பேச்சு போயிடுச்சு. அப்போதான் இந்த மணியை வாங்கி, அவங்க கைக்கு எட்டற மாதிரி கட்டில் கம்பியில கயித்தால கட்டினோம். ஒரு தடவை அடிச்சா தண்ணி, ரெண்டு தடவைன்னா புரட்டிப் படுக்க வைக்கணும். அவங்க ஸ்தோத்திரத்தையும் நானேதான் சொல்லுவேன். ஏற்கெனவே சொன்னதைச் சொல்லிட்டேன்னு வைங்க, டிங்குன்னு ஒரு அடி! செல்லாதாம். வாய்தான் போச்சு, அதிகாரம் போகலை. கோணின வாயோட அவங்க சிரிப்பாங்க, எனக்கும் சிரிப்பு வந்துடும். எப்போன்னு தெரியலை சிஸ்டர், அந்தக் கொதிப்பு அடங்கிடுச்சு. பக்கத்து சீட்டுக்காரி மூஞ்சியே மறந்து போச்சு.

முழுசா அடங்குச்சான்னு கேட்டா, அவங்க கடைசி நாளைத்தான் சொல்லணும்.

கடைசி நாளா? மத்தியானம்தான். அன்னிக்குக் காலையிலிருந்து ஒரே மணி. தண்ணியும் வேணாம், புரட்டவும் வேணாம், சும்மா டிங் டிங்குன்னு. எனக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல் வேற. போதும்னு கயித்தை அவுத்து மணியை அலமாரி மேல தூக்கி வெச்சேன். அஞ்சு நிமிஷம்னு படுத்தவ நாலு மணிக்குத்தான் முழிச்சேன். உடம்பு அவ்வளவு லேசா இருந்துச்சு. காப்பிக்குத் தண்ணி வெச்சுக்கிட்டே, ஆண்டவரே, ரெண்டு மணி நேரமா மணிச் சத்தமே இல்ல, உமக்கு ஸ்தோத்திரம்னு மனசாரச் சொன்னேன். புதுசு, அதுவரைக்கும் சொல்லாதது. சொல்லி முடிச்ச பிறகுதான் மணி எங்க இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு.

தூக்கத்துலயே போயிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னார். மணியைப் பத்தி அவர்கிட்ட நான் சொல்லலை. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லலை. இப்பவும் காலையில ஒண்ணு சொல்றேன். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் மணி அடிக்கத்தான் ஆளில்ல.

வண்டி வந்துடுச்சு போல. மணியையும் எடுத்துக்கோங்க, கட்டிலோட சேர்ந்ததுதான். நல்லா இருக்கிற கைப் பக்கமாக் கட்டுங்க, வலது கைதானே? முடிச்சை மட்டும் இறுக்கிப் போட்டுடுங்க சிஸ்டர். நீங்களே அவுக்கணும்னு நினைச்சாலும் முடியாத மாதிரி.