ஜெரெமி குடுத்த பஞ்சைத் தேடிப் போன அன்பழகன் சாருக்கு

கடல் கடந்து காற்றடைத்த பையில் வரும் கயல்களுக்கெல்லாம் காவலரே, கெஞ்சினாலும் கொஞ்சினாலும் கையெழுத்தில் கறார் கலையாதவரே, இறக்குமதி வண்ண மீன் ஆய்வாளராகப் புதுச்சேரியில் பணி நிறைவு பெற்று இன்று விடைபெறும் எங்கள் அன்பழகன் சார் அவர்களே, வணக்கம்.

இதுக்கு மேல அடுக்குமொழி எனக்கு வராது சார். லேப்ல காண்ட்ராக்ட்ல இருக்குற சரிதா வீட்லயும் மீன் வளர்க்குறா, அவளே எழுதட்டும்னு எல்லாரும் என் தலையில கட்டிட்டாங்க. பேசுற மாதிரியே டைப் பண்ணிட்டேன்.

உங்களப் பத்தி நல்லதா மட்டும் சொல்றது கஷ்டம். ஊர்ல மீன் வளர்க்குறவங்க வாட்ஸ்அப் குரூப்ல உங்க பேரு 'லாக்டவுன்'. வெளிநாட்லேர்ந்து வர்ற மீன் நேரா கடைக்குப் போக முடியாது. தனி ஷெட்ல குவாரன்டைன்ல இருக்கணும், அந்த நாள் முடியணும், நோய் இல்லன்னு டெஸ்ட் வரணும், அப்புறம் நீங்க கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள ஆசப்பட்டு சொல்லிவெச்சவனுக்கு ஆசையே போயிடும். "மீனப் பத்தி இவ்ளோ விசாரிக்கிறாங்களே, எங்க வீட்ல மாப்பிள்ளையப் பத்திக் கூட விசாரிக்கல"ன்னு ஒரு அக்கா குரூப்ல போட்டாங்க. அதுக்கு விழுந்த லைக்க நான் வேற எதுக்கும் பாத்ததில்ல.

நீரைக் கண்டே நிலை அறியும் நுண்ணறிவாளரே, போன வருஷம் முத்தியால்பேட்ட ஜெரெமி விஷயத்த சொல்லாம இந்த மடல் முடியாது. முன்வரிசைல தான் உக்காந்திருக்காரு. சொல்லிக்கோன்னு அவரே சொல்லிட்டாரு.

அவரு வண்ண மீன் கடைக்குப் பின்னாடி ஷெட்ல தாய்லாந்து கோல்ட்ஃபிஷ் வந்து எறங்கியிருந்தது. மீனெல்லாம் நல்லாத்தான் நீந்திச்சு. நீங்க ஃபில்டரப் பாத்துக்கிட்டே நின்னீங்க. ஒரு தொட்டில மட்டும் பஞ்சு புதுசா, வெள்ளையா இருந்தது.

"பழைய பஞ்சு எங்க ஜெரெமி?"

"லாஸ்பேட்ட ஹேமலதா அக்கா புதுத் தொட்டி வெச்சாங்க சார். குடுத்தேன்."

மீன் வளர்க்காதவங்களுக்குச் சொல்லிடுறேன். புதுத் தொட்டித் தண்ணி மீனுக்கு உடனே ஒத்துக்காது. அழுக்கத் தின்னு தண்ணியக் காப்பாத்துற நல்ல கிருமி பழைய பஞ்சுல தான் குடியிருக்கும். அதனால யாராச்சும் தொட்டி வெச்சா, தயிருக்கு உறை மோர் குடுக்குற மாதிரி, நம்ம பஞ்சுல ஒன்ன எடுத்துக் குடுப்போம். இல்லன்னு சொன்னா மரியாத இல்ல. ஜெரெமியும் அதான் செஞ்சாரு. ஆனா எடுத்தது இன்னும் நாள் முடியாத தொட்டிலேர்ந்து.

நீங்க டீய பாதியில வெச்சீங்க. "வண்டிய எடு கலியமூர்த்தி, லாஸ்பேட்ட"ன்னு டிரைவர் அண்ணன்கிட்ட சொன்னீங்க.

அங்க ஹேமலதா அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து வளர்த்த மீன அந்தப் புதுத் தொட்டில தான் விட்டிருந்தாங்க. சீல் வெக்கணும்னதும் வாசல்லயே மறிச்சாங்க.

"என் மீனு எங்கயும் போவலயே சார். இது என்னா நியாயம்?"

"மீனு போவலம்மா. பஞ்சு வந்திருக்கு."

அன்னிக்கு குரூப்ல உங்களுக்கு நடந்த அர்ச்சனைய இந்த மடல்ல எழுதி ஃப்ரேம் போட முடியாது.

கொஞ்ச நாள்ல ஜெரெமி மீனுக்கு செவுள் வெளுத்தது. லேப்ல வைரஸ்னு வந்தது. மொத்த மீனயும் அழிச்சாங்க. ஹேமலதா அக்கா மீனுக்கு மட்டும் ரெண்டு தடவ பாத்தும் ஒண்ணுமில்ல. பொழச்சிச்சு. அந்தப் பஞ்சுல நோய் வந்திருந்து, சீலும் இல்லாம அக்கா தண்ணி, செடி, பஞ்சுன்னு வேற வீட்டுக்கு எதாச்சும் குடுத்திருந்தா, நான் உட்பட எத்தன பேரு தொட்டி காலியாகியிருக்கும்னு குரூப்ல யாரும் பேசல.

ஜெரெமி ஷெட்ட மூடுனாங்க. கேட்டுல நின்னு அவரு கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. "ரிப்போர்ட்ல ஒரு வரி கொறச்சு எழுதியிருக்கலாமே சார்."

"ஒரு வரி கூடவும் எழுதல ஜெரெமி."

அந்த ரிப்போர்ட்ல, கேட்டதும் மறைக்காம சொன்னாருன்னும் இருந்தது. ஜெரெமி திரும்ப மனு போட்டப்ப மேல இருக்குறவங்க புடிச்சுக்கிட்டது அந்த வரியத்தான். இப்ப ஷெட்டு தொறந்தாச்சு.

மீன் மணம் மாறா மேனியரே, நீங்க மட்டும் வீட்ல மீனே வளர்த்ததில்ல. "ஷெட்டு ஷெட்டா நனையிற கை, எத எங்க கொண்டு போவோம்னு யாருக்குத் தெரியும்"னு சொல்லுவீங்க. அந்தக் கை இன்னியோட ரிட்டயர் ஆவுது. அதான் எங்க பரிசா இந்தத் தொட்டி.

தொட்டி காலியா இருக்கேன்னு யாரும் தப்பா நெனைக்காதீங்க. மீன் ரெடி, ஜெரெமி ஷெட்டு திரும்பத் தொறந்தப்புறம் வந்த மொத லாட்ல ஒரு ஜோடி, அவரோட அன்பளிப்பு. ஆனா நாள் முடியல. "நம்ம சாருக்குத் தானே மேடம், ரெண்டே மீனு"ன்னு கலியமூர்த்தி அண்ணன் கேட்டுப் பாத்தாரு. உங்க சீட்டுக்கு வந்திருக்குற தையல்நாயகி மேடம், "சாருக்குன்னா தான் சரியா இருக்கணும்"னுட்டாங்க.

உள்ள ஓடுற ஃபில்டர்ல இருக்குற பஞ்சு ஹேமலதா அக்கா குடுத்தது. நீங்க சீல் வெச்சு, நீங்களே தொறந்து விட்ட அதே தொட்டிலேர்ந்து.

நோய் நொடி அண்டாம, நீரும் நிழலும் நீங்காம, வீட்டம்மாவோடயும் பிள்ளைங்களோடயும் நெடுநாள் நல்லா இருங்க சார். நாள் எண்ணுறது இனிமே எங்க வேல. உங்களுக்கு ஒரே ஒரு வேல மட்டும் பாக்கி. மீன் வர்ற வரைக்கும் அந்தக் காலித் தொட்டில தெனமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்க. பஞ்சு உயிரோட இருக்கணும்.

என்றும் உங்கள் கையெழுத்துக்குக் காத்திருந்து பழகிய,
அலுவலக ஊழியர்கள்,
புதுச்சேரி.