தோளுக்குக் கீழே

— தினமுமா தலைக்குக் குளிக்கிறீங்க?

— ஆமாக்கா. ஒருநாள் விட்டா உச்சந்தலை பிசுபிசுன்னு...

— அதான் தப்பு. கழுவக் கழுவ எண்ணெய் ஊறிக்கிட்டேதான் இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஷாம்பு தலையில மட்டும். கண்டிஷனர் நுனிக்கு மட்டும்.

— நுனியில எது போட்டாலும் நிக்கலக்கா. வைக்கோல் மாதிரி கிடக்கு.

— தலைய குனிங்க... ம். வாரினா எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கணும். உங்களுக்குத் தோள் வரைக்கும் மினுமினுன்னு வருது. அங்க டக்குனு நின்னுடுது. சுவத்துல முட்டின மாதிரி.

— எனக்கு எப்பவுமே அப்படித்தான்...

— அசையாதீங்க. இங்க சின்னச் சின்னதா முடிச்சு தட்டுப்படுதே. ஒட்டு முடியா?

— இல்லயே.

— இருபது வருஷமா பார்லர் வச்சிருக்கேம்மா. கண்ணை ஏமாத்தலாம், என் விரலை முடியாது.

— ...ஆமா. ஒட்டு முடிதான். ஒட்டி ரெண்டு வருஷம் ஆச்சு.

— அப்ப கீழ இருக்கிறது யாரோட முடி?

— எங்க அக்காவோடது.

— குடுத்தாங்களா?

— ...போயிட்டா. ஆஸ்பத்திரியில. பின்னலை நான்தான் வெட்டி எடுத்தேன்.

— ஐயோ... எதுக்கும்மா?

— அம்மாவுக்குக் கண்ணு சுத்தமா தெரியாது. அப்பதான் அவங்களுக்கு நெஞ்சுல ஆபரேஷன். சொன்னா தாங்க மாட்டாங்கன்னுட்டார் டாக்டர். எனக்கும் அவளுக்கும் ஒரே குரல். ஆனா அவளுக்கு இடுப்பு வரைக்கும் பின்னல், எனக்கு கிராப்பு. தலையத் தடவித்தான் அம்மா, பெரியவளா சின்னவளான்னு கண்டுபிடிப்பாங்க.

— அதனால பெரியவளா ஆயிட்டீங்க.

— ஒரு வாரத்துக்குன்னு நெனச்சேன்.

— சின்னவ எங்கன்னு கேக்கலையா?

— வெளியூர்ல வேலைன்னு சொல்லிட்டேன்.

— ம்... சரி, நுனி ரொம்ப வெடிச்சிருக்கு. நாலு விரல் வெட்டிட்டா—

— வெட்டாதீங்க!

— அடேயப்பா! வெட்டல, கத்தாதீங்க... ஆமா, இதென்ன? வெள்ளையா?

— நீங்களும் பார்த்துட்டீங்களா.

— நரை வேர்லேர்ந்துதானே வரும்? இது முடிச்சுக்குக் கீழ மட்டும்... வெட்டின முடி நரைக்காதும்மா.

— நரைக்குது. மாசாமாசம் கூடுது. அவ இருந்திருந்தா இந்த வருஷம் நாப்பது.

— வெயில்ல வெளுத்திருக்கும்.

— வெளுத்தா செம்பட்டையால்ல ஆகும்?

— ...ஆமா.

— இன்னொண்ணு சொல்லட்டுமா? அவ இடதுகைக்காரி. இப்ப உங்க சீப்பை எடுத்தேனே, எந்தக் கையில வச்சிருக்கேன், பாருங்க.

— கீழ வைங்க அதை.

— ஆபீஸ்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. யாரையோன்னு இருப்பேன். தெருவுல யாராவது அவ பேரைச் சொன்னா, கால் தானா நின்னுடுது.

— பயமா இல்ல?

— மொதல்ல இருந்துது. அப்புறம்... அவளுக்குத்தான் எதுக்குமே பயம் கிடையாதே.

— கண்ணாடியப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க. இந்தப் பார்லரை உங்களுக்கு யார் சொன்னாங்க?

— அம்மா. பக்கத்து வீட்டுக்காரங்க இங்கதான் வருவாங்கன்னு... ஏன்?

— முடிச்சு இருக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். உங்க வாயால வரட்டும்னுதான் கேட்டேன்.

— யாருக்கிட்டயும் நான் சொன்னதில்லையே.

— காலையில உங்க அம்மா போன் பண்ணினாங்க.

— என்ன... என்ன சொன்னாங்க?

— "பெரியவ போனது எனக்கு அன்னைக்கே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? சின்னவ மனசு ஒடஞ்சுடக் கூடாதேன்னு சும்மா இருந்தேன். இப்ப இவ நடக்கிறது, இருமுறது, கதவைத் தள்ளுறது எல்லாம் பெரியவ மாதிரியே கேக்குது. பயமா இருக்கு. பெரியவ முடிய எடுத்துட்டு என் சின்னவளை அனுப்புங்க. எப்பவும் என்னோட சண்டை போடுவாளே, அந்தச் சண்டையக் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு"ன்னாங்க.