வியாழக்கிழமை வருகை

ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், ஃபேக்டரிச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"வியாழக்கிழமை இயேசு வர்றாராம்க்கா. ஃபோன்ல அந்தப் புதுப் பாஸ்டர் சொல்லிட்டாரு. வேலைய விடுறேன்னு லெட்டரே எழுதிட்டேன்," என்றாள் இளையவள்.

பின்னால் இருந்த நான், செய்த பாவங்களை விரல்விட்டு எண்ணினேன், விரல் போதவில்லை.

"அந்த நாளும் நாழிகையும் தேவதூதருக்கே தெரியாதுன்னு பைபிள்ல இருக்கு. இவருக்கு மட்டும் எப்படி லா தெரியும்?" என்றாள் மூத்தவள்.

"தரிசனம் பார்த்தாராம்க்கா."

"அடுத்த மாசக் கூட்டத்துக்கு அவரே நோட்டீஸ் அடிச்சிருக்காரே, அதை நீ பார்த்தியா?"

இளையவள் பையிலிருந்து லெட்டரை எடுத்து நாலாகக் கிழித்தாள். நானும் எண்ணுவதை நிறுத்தினேன்.

"ஷிஃப்டு மாத்திட்டாங்களேக்கா, நாளைக்கு ஃபேக்டரி பஸ் எத்தனை மணிக்கு?"

"ஆறேகால். அந்த நாழிகை எனக்கு நல்லாவே தெரியும்."