பேர் கேட்கும் கிணறு

— அடியே லாரை, முக்காட்டை அப்புறம் சரி பண்ணிக்கலாம். குனிஞ்சு கூப்பிடு.

— தலைச்சன் பேரைப் பெத்தவ சொல்லலாமா? என்னால முடியாது மதினி.

— முடியாதா? கிணத்துக்குள்ள இருக்கிறது என் ஆட்டுக்குட்டியா? நீ பெத்த பிள்ளைடி.

— மெதுவாப் பேசுங்க. கயித்துக்காரங்க காதுல விழும்.

— அவங்க வேப்ப மரத்தடியில கயித்தைப் பிடிச்சுக்கிட்டு முதுகைக் காட்டித்தான் நிக்கிறாங்க. பொம்பளை கிணத்துக்குள்ள கூப்பிடுற நேரத்துல எந்த ஆம்பளையும் திரும்பிப் பாக்க மாட்டான். வாக்கப்பட்டு வந்து இத்தனை வருஷத்துல இந்த ஊர் வழக்கம் இதுகூடத் தெரியலையா?

— தெரியும். ஆனா காது முதுகோடவா திரும்பிக்கிச்சு?

— வாய் மட்டும் குறையல உனக்கு. என் தொண்டை நல்லா இருந்தா உன்கிட்ட வந்து கெஞ்சிக்கிட்டு நிப்பேனா? போன வருஷம் யார் கூப்பிட்டா? அதுக்கு முந்தின வருஷம் யார் கூப்பிட்டா? இந்த டெலுதான். தூர் வாரி முடிஞ்சதும் யூனுசான்னு ஒரு சத்தம் குடுப்பேன். இறங்கினதும் அவிழ்த்த கயித்தை மறுபடி இடுப்புல கட்டிக்குவான், மேல வந்துடுவான். இந்த வருஷம்னு பாத்து கல்யாண வீட்டுல விடிய விடியப் பாடித் தொலைச்சேனே!

— இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க மதினி. உங்க குரல் தெரியாமலா போயிடும் அவருக்கு?

— பெத்த பிள்ளையைக்கூட அவருன்னுதான் சொல்லுவே. சரி, நீயே கேளு. யூனுசா! டேய் யூனுசா! நான் டெலு அத்தைடா! கயித்தைக் கட்டிக்கோடா!

— போ, கிணத்துப் பாம்பே! எங்கத்தை குரல் கணீர்னு இருக்கும். நீ தவளை மாதிரி கத்துறே.

— கேட்டியா? சோறு ஊட்டி வளத்தவ தவளையாம்.

— சிரிக்கிற நேரமா இது? பேச்சு குழறுதே அவருக்கு.

— கெட்ட காத்துடி. அடிச்சேத்தைக் கிளறினா கிளம்பும். முதல்ல தலை சுத்தும், அப்புறம் வாய் உளறும், அப்புறம் தூக்கம் வரும். போதாததுக்கு ஊத்துக்கண் வேற திறந்துக்கிச்சு. தண்ணி கணுக்கால்ல நின்னதுன்னு சொன்னவன் இப்ப இடுப்புங்கிறான். தூங்கி விழுந்தான்னா முடிஞ்சது.

— யாராவது இறங்கித் தூக்கிட்டு வரக்கூடாதா? அங்க இத்தனை ஆம்பளைங்க நிக்கிறாங்களே.

— மைகூடின்னு ஒரு கயித்துக்காரன் இறங்குறேன்னுதான் வந்தான். பெரியவங்க விடல. உள்ள ஒருத்தன் இருக்கிறப்போ இன்னொருத்தன் இறங்கினா ரெண்டு குழி வெட்டணும்னு சொல்லிட்டாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான். இந்தக் கிணத்தோட கதையே அதுதானே?

— பாட்டுக்காரன் சொல்ற குதிரைத் தலைப் பாம்பா?

— அவனை விடு. துணியும் ஆடும் பரிசு கிடைக்கிற வரைக்கும் அவன் பாம்பு நீண்டுக்கிட்டே போகும். இந்த ஊரை அரசிங்க ஆண்ட காலத்துல நடந்தது. பாம்பு வெள்ளிக்கிழமை மட்டும்தான் தண்ணி விடும். மத்த நாள்ல வாளி இறக்கினவளை விழுங்கிடும். எங்கிருந்தோ வந்த ஒரு வேட்டைக்காரன் தலையை வெட்டி அரசிகிட்ட குடுத்துட்டான். ஆனா உடம்பு அடியிலேயே கிடந்துச்சு. வாய் போயிடுச்சு, குரல் போகல. அன்னையிலேருந்து அது மத்தவங்க குரலை எடுத்துப் பேசுது.

— எங்க ஊர்ல இதைச் சொன்னா சிரிப்பாங்க.

— சிரிக்கட்டுமே. உங்க ஊர்ல கிணறா இருக்கு, குட்டைதானே இருக்கு. கேளு. ஒரு வீட்டுல அண்ணன் தம்பிங்க நாலஞ்சு பேரு. மூத்தவன் தூர் வார இறங்கினான், வரல. அவன் குரல்ல, தம்பி, உள்ள தங்கம் இருக்குடா, வாடான்னு கேட்டுச்சு. அடுத்தவன் இறங்கினான். அப்புறம் அவன் குரல்ல கேட்டுச்சு. இப்படியே கடைசிப் பையன் வரைக்கும் போயிட்டாங்க. அப்புறம்தான் பெத்தவ ஓடி வந்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. அவன் மட்டும் வந்தான்.

— ஏன் அவன் மட்டும்?

— பெத்தவ பிள்ளை பேரைச் சொல்ற குரலை மட்டும் பாம்பால எடுக்க முடியாதாம். அதான் அன்னையிலேருந்து இதுக்குள்ள இறங்கினவன் வேற யார் கூப்பிட்டாலும் கயித்தைத் தொட மாட்டான்.

— பாம்பே இல்ல, எல்லாம் கெட்ட காத்துதான்னு இமாம் சொன்னாரே.

— சொன்னார். சரியாத்தான் சொன்னார். ஆனா இப்ப கிணத்துக்குள்ள நிக்கிறது இமாம் இல்லையே. இருட்டு, சேறு, தலைசுத்தல். அங்க நின்னா இமாமுக்கும் பாம்புதான் தெரியும்.

— அதனாலதான் தலைச்சன் பிள்ளையை இறக்கவே மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. நானும் கேட்டிருக்கேன்.

— பேச்சை இழு, இன்னும் இழு. கடைசியில என் தலையிலதான் வந்து விடியும்னு தெரியும்.

— உங்களைக் குத்தம் சொல்லல மதினி.

— சொல்லு. சொல்ல வேண்டியதுதான். தலைச்சனைப் பெத்தவ பேர் சொல்லிக் கூப்பிட மாட்டா, அதனால தலைச்சன் வேண்டாம்னுதான் பெரியவங்க சொன்னாங்க. நான்தான் முன்னாடி போய் நின்னேன். பால் மறந்ததுமே தூக்கிட்டு வந்துட்டேன், நான்தான் இவனுக்கு அம்மா, நான் கூப்பிட்டா போதும்னு சொன்னேன். எதுக்கு? தூர் வாரினா ஊரை ஆளுற அமீர் முன்னாடி என் பிள்ளைக்கு வெள்ளை அங்கி போத்துவாங்க, டெலு வளத்த பிள்ளைன்னு ஊரே பேசும்னுதான். பிள்ளை இல்லாதவளுக்கு அந்தப் பேச்சு கேக்க ஆசையா இருந்துச்சுடி. இப்ப வெக்கமா இருக்கு. சொல்லிட்டேன், போதுமா?

— நீங்க மட்டுமா? காலையில நான் சொன்னதைக் கேட்டீங்கல்ல?

— எது?

— அமீர் வீட்டு ஆளு வந்து கேட்டாரே. இவ்வளவு தைரியமா இறங்குறானே, இது யார் பெத்த பிள்ளைன்னு என்னைப் பாத்துத்தான் கேட்டாரு.

— கேட்டார். யாரோ வெளியூர்ப் பையன் போல, எனக்குத் தெரியாதுன்னு நீ சொன்னே. நல்ல வீட்டுப் பொண்ணு அப்படித்தானே சொல்லணும். சுத்தி நின்னவங்க எல்லாம் பாராட்டினாங்களே, லாரைக்கு எவ்வளவு அடக்கம்னு.

— அவரு அப்பதான் இறங்குறதுக்கு இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு இருந்தாரு. தலையைத் தூக்கி என்னைப் பாத்தாரு. கோவப்படல மதினி. சிரிச்சாரு. பழகிப்போன சிரிப்பு அது. அதைப் பாத்ததுலேருந்து சோறு இறங்கல எனக்கு.

— அப்ப கூப்பிடேன்! இறங்காத சோத்தை அப்புறம் பேசிக்கலாம்!

— அத்தே... அத்தே, எங்க போயிட்டே? தண்ணி நெஞ்சுக்கு வந்துடுச்சு. குளிரவே இல்ல. தூக்கமா வருது.

— ஐயோ, நெஞ்சுக்கா? லாரை, உன் கால்ல விழவா? என்னைவிடச் சின்னவ நீ, இருந்தாலும் விழுறேன்.

— எழுந்திரிங்க மதினி. கூப்பிடுறேன். எழுந்திரிங்க. ...ஏங்க! உள்ள இருக்கிறவரே! கொஞ்சம் மேல வாங்க!

— யாரும்மா அது? யாரைத் தேடுறீங்க? இங்க நான் மட்டும்தான் இருக்கேன்.

— அட கிறுக்கி! கிணத்துக்குள்ள இருந்து பால்காரனையா கூப்பிடுறே? பேரைச் சொல்லு! பேர்!

— நாக்கு வரலையே. இதோ இங்க, தொண்டை வரைக்கும் வருது, நிக்குது.

— தனியா இருக்கும்போதுகூடச் சொன்னதில்லையா?

— ...சொல்லுவேன்.

— எங்க? எப்ப?

— கம்பு குத்தும்போது. உலக்கை விழுற சத்தத்துல யாருக்கும் கேக்காது. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தடவை சொல்லுவேன். மாவு சலிச்சு முடிக்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பேன். பக்கத்து வீட்டுக்காரி வந்துட்டா இருமுற மாதிரி மாத்திக்குவேன். நீங்க அவரைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு வீட்டுல இருந்த கம்பு மூட்டையில பாதியைக் குத்தித் தீத்துட்டேன். மாமியார்கூடத் திட்டினாங்க, இவ்வளவு மாவை யார் திங்கிறதுன்னு.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி நீ. பிள்ளையைக் குடுத்துட்டு ஆட்டுக்குத் தழை போடப் போனவ நீ. கல்லு மனசுன்னு நான் ஊர் பூரா சொன்னேனே.

— சொன்னீங்கன்னு தெரியும். அடக்கமானவன்னு பேர் வாங்கணும்னா கல்லு மனசுன்னும் பேர் வாங்கித்தான் ஆகணும்.

— லாரை, கேட்டுக்கோ. அந்தக் கதையில வந்த அம்மாவும் தலைச்சனைத்தான் கூப்பிட்டா.

— இப்பதானே கடைசிப் பையன்னு சொன்னீங்க?

— சொன்னேனா? அப்ப பொய் சொல்லியிருப்பேன். இல்ல, இப்ப பொய் சொல்றேன். எதுவா இருந்தா என்ன? அவளும் வெக்கப்பட்டிருப்பாள்ல? முக்காட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பாள்ல? கூப்பிட்டாள்ல?

— அவருக்குப் பின்னாடி மூணு பொண்ணுங்க இருக்காங்க மதினி. நாளைக்கே தண்ணிக்கு வர்ற பொம்பளைங்க பாட்டுக் கட்டிடுவாங்க. தலைச்சன் பேரை ஊர் நடுவுல கத்தினவ வயித்துல பொறந்ததுங்கன்னு யாரும் பொண்ணு கேட்டு வர மாட்டாங்க. உங்க தம்பி தலை நிமிந்து நடக்க முடியாது.

— என் தம்பி தலையை நான் பாத்துக்குறேன். பாட்டுக் கட்டினா நானும் கட்டுவேன். அந்தப் பொம்பளைங்க ஒவ்வொருத்தி வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும். என் தொண்டை சரியாகட்டும், யார் வாயைத் திறக்கிறான்னு பாக்குறேன்.

— வெக்கமா இருக்கே.

— எனக்கும்தான் வெக்கமா இருக்கு. பேராசைப்பட்டு இறக்கிவிட்டவ நான். தூக்க வக்கில்லாம உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வெக்கம் ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் இருக்கட்டும். அவன் மட்டும் மேல வரட்டும்.

— இப்ப குரலே காணோமே. கேளுங்க. சத்தமே இல்லையே.

— யூனுசா! டேய்! பேசுடா! தவளைன்னாவது திட்டுடா!

— ...ம்...

— கழுத்துக்கு வந்திருக்கும்டி. அவன் குரல் தண்ணிக்குப் பக்கத்துல கேக்குது.

— நகருங்க மதினி.

— என்ன பண்றே? முக்காட்டை எடுத்துட்டே!

— வாய்ல வந்து வந்து விழுது. நகருங்க. என் தோளைப் பிடிச்சுக்குங்க, விழுந்துடாம. ...யூனுசா!

— ஆங், அப்படித்தான்! இன்னும் சத்தமா!

— யூனுசா! யூனுசா! அம்மா கூப்பிடுறேன்! என் யூனுசா, நான்தான்டா உன்னைப் பெத்தவ! என் தலைச்சனே! என் கண்ணே! கயித்தைப் பிடிச்சுக்கோடா! யூனுசா!

— கயித்துக்காரங்க திரும்பிட்டாங்கடி. எல்லாரும் உன்னைத்தான் பாக்குறாங்க.

— பாக்கட்டும்! இன்னும் நல்லா பாக்கட்டும்! யூனுசா! அமீர் வீட்டு ஆளு கேக்கட்டும், நீ என் பிள்ளை! யூனுசா, அம்மாவுக்குக் கேக்குற மாதிரி ஒரு தடவை பேசுடா!

— இரு, இரு, கத்தாதே. ஏதோ சொல்றான். கண்ணு முழிச்சுட்டான் போல. கேளு.

— அத்தே! எங்க அத்தே இருக்கே? சீக்கிரம் வா, பயமா இருக்கு! பாம்பு இப்ப எங்கம்மா குரலையும் எடுத்துக்கிச்சு. ஆனா நல்லா மாட்டிக்கிச்சு அத்தே... எங்கம்மா எந்தக் காலத்துல என் பேரைச் சொல்லியிருக்காங்க?