பதினோராம் நம்பர் டோக்கன்

புதுச் செருப்பு போட்டுக்கொண்டு மலைக்கு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பாதி வழியில் கால் கடிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார்கள், மற்றவர்கள் அவர்களுக்காக நிற்க வேண்டும். பழைய செருப்பு, ஒரு தொப்பி, கொஞ்சம் வாயடக்கம், இது இருந்தால் வா என்பேன். கறாரான ஆள் என்று சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் எழுதிக்கொண்டே வாருங்கள் ஐயா, நான் நிதானமாகத்தான் சொல்வேன்.

என் பெயர் இராமலிங்கம். ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் பாதுகாப்பு மேற்பார்வை. ரிட்டையர் ஆனபின் ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூரிலிருந்து ஆட்களை வேனில் கூட்டிக்கொண்டு பச்சைமலை அடிவாரத்துச் செங்காட்டு ஓடைக்குப் போகிறேன். இரண்டு பக்கமும் காடு, நடுவில் ஓடை, தலைக்கு மேல் பனை உயரத்துக்குப் பாறைகள். ஓடை வழியாக ஏறி, மேட்டுப்பாதை வழியாக இறங்கினால் நாலு மணிக்கு வேனுக்கு வந்துவிடலாம்.

சுரங்கத்தில் வெடி வைக்கும் முன் உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் டோக்கன் பலகை. ஆளுக்கொரு நம்பர், நம்பருக்கொரு ஆணி. போகும்போது பித்தளை டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், வந்ததும் ஆணியில் தொங்கவிட வேண்டும். ஆணி காலி என்றால் ஆள் உள்ளே. அதே மாதிரி ஒரு பலகையை நடைக்குழுவுக்கும் செய்து வேன் கதவில் மாட்டினேன். டோக்கனைக் கொடுப்பதும் வாங்கி மாட்டுவதும் நான்தான். பலகை நிறையாமல் வண்டி நகராது.

அந்தப் பாறைகளுக்கெல்லாம் பெயர் வைத்தவனும் நான்தான். கப்பல் பாறை, மணிமண்டபம், தவமுனி, எல்லாவற்றுக்கும் மேலே ராஜகோபுரம். பேப்பரில் போட்டோவோடு வந்தது. அதுவரை அங்கே பாறைதான் இருந்தது, பெயர் இல்லை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

வெற்றிச்செல்வி போன வருஷம் சேர்ந்தாள். கீழப்பழுவூர்ப் பெண், இருபத்தாறு வயது. பெரம்பலூரில் ரூம் எடுத்துத் தங்கி ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நல்ல பெண்தான், அதை நான் மறைக்கவில்லை. ஓடை வாசலுக்குப் பக்கத்தில் வேம்பு என்று ஒரு அம்மா ஆடு மேய்க்கிறது. அதோடு சிநேகம் பிடித்து, ஒவ்வொரு பாறைக்கும் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினாள். கப்பல் பாறைக்குக் கெடாமூக்காம். மணிமண்டபத்துக்குச் சோத்துப்பானையாம். ராஜகோபுரத்தின் அடியில் இருக்கும் குகையில் அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி மழைக்கு ஒதுங்கிப் பிள்ளை பெற்றாளாம், அதனால் அது 'புள்ளபெத்தா பொடவு'. குகையை அவர்கள் பொடவு என்பார்கள். எல்லாவற்றையும் போன் மேப்பில் ஏற்றிவிட்டாள். ஜனவரியில் திருச்சியிலிருந்து வந்த ஒரு கூட்டம் என்னிடமே, "பெரியவரே, சோத்துப்பானைக்கு எப்புடிப் போவணும்?" என்று கேட்டது.

குழுவில் கொளஞ்சியப்பன் என்று ஒரு ஜவுளிக்கடைக்காரன். வயிறு குலுங்கச் சிரித்தான். "ஒம்போது வருசமா நீங்க ஓதுனதெல்லாம் போச்சு, சோத்துப்பானதான் நின்னுச்சு பாருங்க." நானும் சிரித்தேன். உடம்பு பற்றி எரிந்தது.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க வெக்கிறதுக்கு முன்னாடியே அவங்க நாலு தலைமொறையா கூப்புடுறாங்க சார். அதுக்கென்ன, உங்க பேரையும் பக்கத்துலயே அடைப்புக்குள்ள போட்டுடுறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அடைப்புக்குள்.

அந்தப் பிப்ரவரி ஞாயிறு நாங்கள் பதினேழு பேர். கடைசியாக நடப்பது எப்போதும் நான். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் மேட்டுப்பாதைக்கு ஏறிவிட்டார்கள். இவள் மட்டும் ராஜகோபுரத்தின் அடியில் இருக்கும் அந்தக் குகையைப் போட்டோ எடுக்க உள்ளே இறங்கினாள். ஒரு கல் புரண்ட சத்தம் கேட்டது. நான் தள்ளவில்லை ஐயா, அதைத் தெளிவாக எழுதுங்கள். குனிந்து பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டியிருந்தது, பாதம் திரும்பிக் கிடந்தது. முதலில் சிரித்தாள். "சார், வசமா மாட்டிக்கிட்டேன் சார்." அப்புறம்தான் வலி ஏறியது. அங்கே போன் எடுக்காது. நான் ஒருவனாகப் புரட்டுகிற கல்லும் இல்லை, கடப்பாரையோடு நாலு பேர் வேண்டும்.

"ஆளுங்ககிட்ட எந்த எடம்னு சொல்லணும்? இந்த எடத்துக்குப் பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

ஒரு கேள்விதான் கேட்டேன். பதில் அவள் வாயில்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "புள்ளபெத்தா பொடவுன்னு சொல்லுங்க சார், வேம்பக்காவுக்குத் தெரியும்" என்றாள்.

"சரி, டோக்கனக் குடு" என்றேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. கழுத்திலிருந்து கழற்றி, "இந்தாங்க சார்" என்று நீட்டினாள். அவ்வளவு நம்பிக்கை.

வேனுக்கு வந்து எல்லார் டோக்கனையும் வாங்கி மாட்டினேன். அவளுடைய பதினோராம் நம்பரையும் மாட்டினேன். கொளஞ்சியப்பன் பலகையைப் பார்த்துவிட்டு, "செல்வி வழக்கம்போல வேம்பு வூட்டுக்குப் போயிடுச்சா? சரி, வண்டிய எடுங்க" என்றான். டோக்கனைக் கொடுத்துவிட்டு அங்கே நடந்துவிடுவது அவள் பழக்கம். நான் பொய் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து அவள் அம்மாவுக்குப் போன் போனது. பஸ் ஸ்டாண்டு, ரூம், வேம்பு வீடு, ரோட்டோரக் கிணறு என்று உங்கள் ஆட்கள் எல்லா இடமும் தேடினார்கள். ஓடைக்குள் மட்டும் யாரும் போகவில்லை. பலகைதான் நிறைந்திருந்ததே. வியாழக்கிழமை வேம்புதான், "டோக்கனெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, பொடவுல பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, யாருக்கும் காத்திராமல் தானே போய்ப் பார்த்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

அதற்குள் ஊரே ஒரு கதையைப் பேசி முடித்துவிட்டது. காலையில் பெரியவர் அந்தப் பெண்ணுக்கு டோக்கன் கொடுக்க மறந்துவிட்டார், அது ஆணியிலேயே கிடந்திருக்கிறது, பாவம். நேற்று அவள் அம்மா புவனேஸ்வரியைக் கொளஞ்சியப்பன் என் வீட்டுக்கு அழைத்துவந்தான். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல கோவம் இல்லீங்க. வயசானா மறதி வரத்தானே செய்யும், மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்று அழுதது.

கொலைகாரா என்று மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். மறதிக்காரனாம். பொழுது விடிந்ததும் பஸ் ஏறி இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். எனக்குப் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

ஆகவே மறதி என்று ஒரு இடத்திலும் எழுதாதீர்கள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மணி இரண்டு நாற்பது. பச்சைத் துப்பட்டா. நான் எழுந்தபோது, "கொஞ்சம் தண்ணி வெச்சுட்டுப் போங்க சார்" என்றாள். என் பையில் இரண்டு பாட்டில் இருந்தன. ஒன்று பாதி குடித்தது, இன்னொன்று மூடியே திறக்காதது. திறக்காததை வேனில் கொளஞ்சியப்பன் கேட்டான், கொடுத்தேன்.