வாயுவுக்கு ஒரு ஊசி

கேஸ் ஷீட்ல நான் எழுதின அந்த ஒரு வரியை எடுத்துடும்மான்னு கேக்கவா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க? நான்கூட உங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்து நான் ஆபரேஷன் பண்ணின பொண்ணு எப்படி இருக்கான்னு பாக்க வந்தீங்களோன்னு நினைச்சேன். உக்காருங்க. ஃபேனைக் கூட்டவெல்லாம் வேணாம், உங்களுக்கு வேர்க்கிறது அதனால இல்ல.

இருக்கா. கண்ணைத் திறந்துட்டா. தண்ணி கேட்டா.

என்னது, ரத்தம் அவ்வளவா போகலையா? வெளிய போகல சார், உள்ள போச்சு. முதல் குழந்தையை வயித்தைக் கீறி எடுத்த பொண்ணு அவ. தழும்பு கண்ணு முன்னாடி இருக்கு. அந்த வயித்து மேலதான ஏறி அழுத்துனாங்க உங்க நர்சம்மா? பத்தாததுக்கு ட்ரிப்ஸ்ல வலி வர்ற மருந்தை வேற தண்ணியா ஓடவிட்டிருக்கீங்க. எதுக்கு? சுகப்பிரசவம்னு வாசல்ல போர்டு மாட்டிக்கவா?

சரி, குழந்தை வந்துடுச்சு. அப்புறம் தோள்பட்டை வலிக்குதுன்னு அழுதிருக்கா. இப்பத்தான் பெத்தவளுக்குத் தோள்ல என்ன வலின்னு ஒரு நிமிஷம் யோசிக்கத் தோணலையா? வயித்துல தேங்குற ரத்தம் மேல போய் முட்டுனா அங்கதான் வலிக்கும், நீங்களும் படிச்சதுதானே. நாடி ஏறுது, பிரஷர் இறங்குது, வயிறு உப்புது. நீங்க வாயுன்னு சொல்லி ஒரு ஊசியைப் போட்டுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டீங்க.

இங்க வந்தப்போ மூத்திரம் பிடிக்கிற பையெல்லாம் சிவப்பு. ஸ்கேன் வச்சுப் பாத்தா வயிறு பூரா ரத்தம். ஸ்கேனே தேவையில்ல, உதடு வெளுத்துக் கெடந்ததே போதும். திறந்தேன். பழைய தையல் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பொளந்து கெடக்கு. பக்கவாட்டுல பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் கிழிசல். தைச்சுப் பாத்தேன் சார், நிக்கல. தைக்கத் தைக்க நனைஞ்ச காகிதம் மாதிரி பிஞ்சுக்கிட்டு வருது. ஒரு பக்கம் ஏத்துற ரத்தம் இன்னொரு பக்கம் ஊத்திக்கிட்டே இருக்கு. கடைசியில கர்ப்பப்பையை எடுத்துட்டேன். எடுக்கலைன்னா அவ இல்ல.

ரெண்டு குழந்தை இருக்கே, போதாதாங்கிறீங்க பாருங்க, இந்தப் பேச்சுதான் சார் எனக்குக் குமட்டுது. ஆபரேஷன் தியேட்டர் நாத்தம் பழகிடுச்சு. இது பழக மாட்டேங்குது.

தப்பு யார் கையிலயும் நடக்கும், நாளைக்கு என் கையிலயும் நடக்கலாம். நடந்ததை அழிச்சுடுன்னு கையில ஸ்வீட் பாக்ஸோட வந்து நிக்கிறீங்களே, சீ! அதை மொதல்ல மேஜையில இருந்து எடுங்க.

வயித்தை அழுத்துனதாலதான் பழைய தையல் கிழிஞ்சதுங்கிற அந்த வரி அப்படியேதான் இருக்கும். கர்ப்பப்பை போயிடுச்சுன்னு அவ வீட்டாளுங்ககிட்ட சொல்லிட்டேன். ஏன் போச்சுன்னு இப்ப சொல்லணும். நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன். நீங்க வாயைத் திறக்கலைன்னா நான் திறப்பேன்.

எந்திரிங்க. அதோ வராண்டாவுல குழந்தையை வச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவருதான் வீட்டுக்காரர். உங்களைப் பாத்ததும் கையெடுத்துக் கும்பிடுவாரு, பதறாதீங்க. சொந்தக் கார்ல ஏத்தி அனுப்பி உயிரைக் காப்பாத்துன தெய்வம் நீங்கதான்னு வார்டு பூரா சொல்லிக்கிட்டு இருக்காங்க. பையனுக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்காங்க.